பெயர் கேள்விப்படாத பாஸ் கிட்டாரை வாசித்துப் பார்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அதிகம் அறியப்படாத பிராண்ட் என்றாலே மட்டமாகத்தான் இருக்குமா?

அப்படிச் சொல்ல முடியாது. தலைப்பகுதியில் எழுதியிருக்கும் பெயர் ஒன்று, செய்த ஆலை இன்னொன்று என்பது இந்தத் தொழிலில் சகஜம். ஜப்பானின் ஃபூஜிஜென் ஆலை ஐபனேஸ், கிரெக்கோ ஆகிய பெயர்களுக்குச் செய்து கொடுத்தது. 1982-இல் ஜப்பானிலிருந்து ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்குவையர் வரத் தொடங்கியபோது அதையும் செய்தது அதே ஆலைதான். இந்தோனேசியாவின் சுரபாயாவில் உள்ள கோர்ட் ஆலையும் தன் பெயருக்கு மட்டும் செய்வதில்லை, வேறு பல பெயர்களுக்கும் செய்து அனுப்புகிறது.

அதற்காக “பெரிய பிராண்ட் செய்யும் அதே ஆலை” என்ற விளம்பரத்தை அப்படியே நம்பிவிடவும் வேண்டாம். ஆலை ஒன்றாக இருந்தாலும், எந்தப் பாகம் போடுவது, கைவேலைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது என்பதை ஆர்டர் கொடுப்பவர்தான் முடிவு செய்கிறார். விலையைக் குறைக்கும்போது முதலில் அடிபடுவது கைவேலை: ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) முனைகளை அராவுவது, நட்டில் (தலைப்பகுதி முனையில் கம்பிகள் உட்காரும் துண்டு) பள்ளம் வெட்டுவது, கடைசி செட்டப். வடிவமைப்பில் பெரும்பாலும் தப்பு வராது. 1951-இல் வந்த ஃபெண்டர் பிரசிஷன், 1960-இல் வந்த ஜாஸ் பாஸ் என்ற இரண்டு மாதிரிகளைத்தான் பாதிப்பேர் பின்பற்றுகிறார்கள்.

அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது?

கண்ணில் படும் ஒவ்வொரு குறையையும் இரண்டு கூடையில் ஒன்றில் போடுங்கள். திருகுளியாலோ ஆலன் கீயாலோ சரியாகிவிடுவது ஒரு கூடை. மரத்திலும் ஃப்ரெட்டிலும் நிரந்தரமாக உட்கார்ந்திருப்பது இன்னொன்று. கம்பி உயரமாக நிற்பது, பழைய கம்பி, ஸ்தாயி பிசகு (மேல் ஃப்ரெட்டுகளில் சுரம் சற்று விலகுவது), ஒரு பக்கம் சத்தம் குறைவு எல்லாம் முதல் கூடை. முறுக்கிக்கொண்ட நெக், வேலை செய்யாத ட்ரஸ் ராட் (நெக்கின் உள்ளே அதன் வளைவைச் சரிசெய்யும் இரும்புத் தண்டு), இடம் மாறிய பிரிட்ஜ் (பாடியின் மேல் கம்பிகளைத் தாங்கும் பாகம்) இரண்டாவது கூடை. முதல் கூடை நிரம்பி வழிந்தாலும் வாங்கலாம். இரண்டாவது கூடையில் ஒன்றே ஒன்று விழுந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும்.

வாசித்துப் பார்க்கப் போகும்போது கையில் என்னென்ன வேண்டும்?

சுருதி காட்டும் ட்யூனர், மி.மீ. குறித்த இரும்பு ஸ்கேல், சுமார் 50 செ.மீ. நீட்டக்கூடிய அளவுநாடா, ஒரு கேப்போ (கம்பிகளை ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கிளிப்), நம்பிக்கையான உங்கள் சொந்தக் கேபிள், உங்கள் ஸ்ட்ராப், ஃபீலர் கேஜ் (மெல்லிய இடைவெளியை அளக்கும் தகடுகள்). ஃபீலர் கேஜ் இல்லாவிட்டால் கெட்டியான விசிட்டிங் கார்டு போதும். அதன் தடிமன் சுமார் 0.3 மி.மீ., நமக்கு வேண்டியதும் ஏறக்குறைய அதுதான். ஆக்டிவ் பாஸ் (உள்ளே பேட்டரியில் ஓடும் பிரீஆம்ப் உள்ளது) என்றால் புது 9 வோல்ட் பேட்டரி ஒன்று. மல்டிமீட்டர் இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆம்ப்பில் செருகிக் கேட்கலாமா?

வேண்டாம். ஆம்ப் பல குறைகளை மூடிவிடும். நெக்கின் கரகரப்பு, ஆடும் பாகங்களின் சலசலப்பு, சீக்கிரம் செத்துப்போகும் சுரங்கள் எல்லாம் வெறும் கையால் வாசிக்கும்போதுதான் தெளிவாகக் கேட்கும். முதலில் சுருதி சேர்த்துக்கொள்ளுங்கள். சுருதி இறங்கிய நிலையில் நெக்கின் மேல் விழும் இழுவிசை குறைவு, எந்த அளவெடுத்தாலும் பொய் சொல்லும். நான்கு கம்பி பாஸில் ஈ 41.2 ஹெர்ட்ஸ், ஏ 55, டி 73.4, ஜி 98.

நெக்கைச் சோதிப்பது எப்படி?

அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கேதான்.

முதலாவது, வளைவு. முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு, ஈ கம்பியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்துங்கள். இப்போது கம்பியே ஒரு நேர்க்கோடு. 7 அல்லது 8-ஆம் ஃப்ரெட்டின் தலைக்கும் கம்பிக்கும் நடுவே 0.25 முதல் 0.35 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். விசிட்டிங் கார்டு லேசாக உரசிக்கொண்டு நுழைந்தால் சரி. தாராளமாக நுழைந்து இடமும் மிஞ்சினால் நெக் அதிகமாக முன்வளைந்திருக்கிறது. நுழையவே இல்லை, கம்பி ஃப்ரெட்டில் படுத்துக்கிடக்கிறது என்றால் நெக் நேராகவோ பின்வளைந்தோ இருக்கிறது. இரண்டுமே ட்ரஸ் ராடால் சரியாகக்கூடியவை.

ஆனால் ட்ரஸ் ராட் உண்மையில் வேலை செய்கிறதா என்பதுதான் அதைவிடப் பெரிய கேள்வி. விற்பவரிடம் அனுமதி கேட்டு, சரியாகப் பொருந்தும் கீயைப் போட்டு, கால் சுற்று மட்டும் திருப்பிப் பாருங்கள். கடிகாரத் திசையில் திருப்பினால் இறுகும், முன்வளைவு குறையும். எதிர்த்திசையில் தளரும், முன்வளைவு கூடும். ஒவ்வொரு முறையும் மறுபடி சுருதி சேர்த்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். கால் சுற்றுக்கு இடைவெளி சிறிதாவது மாறினால் ராட் உயிரோடு இருக்கிறது. கல் மாதிரி இறுகி நின்று இடைவெளியும் அதிகமாகவே இருந்தால், ராடை இறுக்கும் நட்டு, திருகு மரையின் கடைசிவரை வந்துவிட்டது என்று பொருள். இனி திருப்ப முயன்றால் ராட் முறியும். அந்த பாஸ் வேண்டாம். எதிர்ப்பே இல்லாமல் சுழன்றால் உடனே பயப்படத் தேவையில்லை. பெரும்பாலும் ராட் தளர்ந்து கிடக்கும், பிடிக்கும்வரை இறுக்கிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். கீ பிடிக்கும் ஆறுமுனைப் பள்ளம் உருண்டு தேய்ந்திருந்தால், முன்பு யாரோ பொருந்தாத கீயால் மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

இரண்டாவது, முறுக்கு. பாடியின் பின்முனையைக் கண்ணருகே பிடித்து நெக்கின் நீளவாக்கில் பாருங்கள். கடைசி ஃப்ரெட்டும் நட்டும் இணைகோடுகளாகத் தெரிய வேண்டும். ஒன்று சாய்ந்து தெரிந்தால் முறுக்கு இருக்கிறது. பிறகு ஜி கம்பியிலும் மேலே சொன்ன அளவை எடுங்கள். ஈ பக்கம் சற்று அதிக வளைவு இருப்பது சாதாரணம். ஒரு பக்கம் 0.5 மி.மீ., மறுபக்கம் பூஜ்ஜியம் என்று வந்தால் எந்த ராடும் அதைத் தீர்க்காது.

மூன்றாவது, கடைசி ஃப்ரெட்டுகள் மேலே தூக்கிக்கொண்டிருப்பது. நெக் பாடியோடு சேரும் இடத்தில் ஃப்ரெட்போர்டு மேல்நோக்கி எழும்பிவிடும். இடைவெளி சரியாக இருந்தும் 15-ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே எல்லாச் சுரமும் கரகரத்தால் இதைச் சந்தேகியுங்கள். கம்பியை உயர்த்தினால் மறைந்துவிடும் என்பதால் பலர் கவனிப்பதில்லை. ஃப்ரெட்டுகளைச் சமமாக அராவித்தான் சரிசெய்ய வேண்டும்.

நெக் நேராகப் பொருத்தப்பட்டிருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

கடைசி ஃப்ரெட் அருகே ஈ கம்பிக்கும் போர்டின் விளிம்புக்கும் உள்ள தூரத்தையும், ஜி கம்பிக்கும் மறுவிளிம்புக்கும் உள்ள தூரத்தையும் ஒப்பிடுங்கள். ஜி கம்பி விளிம்பை ஒட்டி ஓடினால் அழுத்தும்போது வழுக்கி வெளியே விழும். திருகு போட்ட நெக் என்றால் இது முதல் கூடைதான். கம்பிகளைத் தளர்த்தி, பின்னால் உள்ள நான்கு திருகுகளையும் அரைச் சுற்று தளர்த்தி, நெக்கை வேண்டிய பக்கம் இழுத்துப் பிடித்தபடி மறுபடி இறுக்கினால் நேராகிவிடும். ஒட்டிய நெக் என்றால் இந்த வழி கிடையாது.

கம்பி எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும்?

முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு 17-ஆம் ஃப்ரெட்டில் அளந்தால் ஈ 2.4 மி.மீ., ஜி 2 மி.மீ. நல்ல தொடக்கம். பலமாக இழுத்து வாசிப்பவருக்கு இன்னும் அரை மி.மீ. தேவைப்படலாம். அளவைவிட முக்கியமானது சேடில்களில் (பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியையும் தாங்கும் துண்டுகள்) இன்னும் எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்பது. சேடில்கள் பிரிட்ஜின் தரையைத் தொட்டுவிட்டன, கம்பி இன்னும் உயரத்தில் நிற்கிறது என்றால் நெக் பொருந்திய கோணம் தவறு. திருகு நெக்கில், பாடியில் நெக் உட்காரும் பள்ளத்தின் பிரிட்ஜ் பக்க முனையில் 0.25 முதல் 0.5 மி.மீ. தடிமனுள்ள துண்டு ஒன்றை வைத்தால் தலைப்பகுதி பின்சாய்ந்து கம்பி இறங்கும். பெயர்பெற்ற ஆலைகளும் செய்யும் வேலைதான் இது, கேவலமாக நினைக்க ஒன்றுமில்லை.

கரகரப்பு எங்கிருந்து வருகிறது?

ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் ஒரே பலத்தில் வாசித்துக்கொண்டே போங்கள். எங்கே கரகரக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும்.

திறந்த கம்பி மட்டும் கரகரத்து, அழுத்தினால் சுத்தமாக இருந்தால் நட்டின் பள்ளம் ஆழமாகிவிட்டது. நட்டை மாற்ற வேண்டும். முதல் ஐந்து ஃப்ரெட்டுகளில் மட்டும் என்றால் நெக் பின்வளைந்திருக்கிறது, ராடைத் தளர்த்த வேண்டும். எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் என்றால் கம்பி தாழ்வாக இருக்கிறது. ஒரே ஒரு சுரம், உதாரணமாக 6-ஆம் ஃப்ரெட் மட்டும் என்றால் 7-ஆவது ஃப்ரெட் எழும்பியிருக்கும். ஸ்கேலின் குட்டை விளிம்பை 6, 7, 8 மூன்றின் மேலும் வைத்து ஆட்டிப் பாருங்கள். ஊஞ்சலாடினால் நடுவில் உள்ளதுதான் குற்றவாளி. தட்டி உட்கார வைக்கலாம், அல்லது அராவலாம். இப்படி ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை. ஆறேழு என்றால் முழு ஃப்ரெட் வேலை, அந்தக் கூலியையும் பாஸின் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஃப்ரெட்டுக்குச் சம்பந்தமில்லாத சலசலப்பும் உண்டு. தலைப்பகுதியில் கம்பியை முறுக்கும் ட்யூனரின் தளர்ந்த நட்டு, பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தப் பாகம்) அடியில் உள்ள ஸ்பிரிங், சேடிலின் தளர்ந்த உயரத் திருகு, பிக்கார்டு (பாடியின் மேல் உள்ள தகடு) ஆகியவற்றை ஒவ்வொன்றாக விரலால் அமுக்கியபடி வாசித்தால் எது என்று தெரிந்துவிடும்.

ஒரு சுரம் மட்டும் டொக்கென்று நின்றுவிடுகிறது. கோளாறா?

ஜி கம்பியில் 5 முதல் 7-ஆம் ஃப்ரெட்டுக்குள் என்றால் அது டெட் ஸ்பாட். அந்தச் சுரத்தின் அதிர்வெண்ணும் நெக்கின் இயற்கை அதிர்வும் ஒத்துப்போகும்போது கம்பியின் சக்தியை நெக் விழுங்கிவிடுகிறது. விலையுயர்ந்த பாஸ்களிலும் இருக்கும். தலைப்பகுதியைச் சுவரிலோ மேசையிலோ அழுத்திக்கொண்டு அதே சுரத்தை வாசித்துப் பாருங்கள். நீண்டு ஒலித்தால் காரணம் நெக்தான், ஃப்ரெட் அல்ல. தலைப்பகுதியில் எடை கூடினால் அந்த இடம் அரை சுரம் நகரும். கிளிப் மாட்டி அதை யாரும் வாசிக்காத இடத்துக்குத் தள்ளிவிடுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் முற்றிலும் ஒழிக்க முடியாது. உங்களுக்கு அடிக்கடி தேவைப்படும் சுரத்தில் அது உட்கார்ந்திருந்தால் வேறு பாஸ் பாருங்கள்.

ஸ்தாயி பிசகைச் சரிசெய்ய முடியுமா? ஃப்ரெட்டே தவறான இடத்தில் இருந்தால்?

12-ஆம் ஃப்ரெட்டின் ஹார்மானிக்கையும் (அழுத்தாமல் கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் சுரம்) அங்கே அழுத்தி வாசிக்கும் சுரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் கூடுதலாக வந்தால் சேடிலைப் பின்னுக்குத் தள்ளுங்கள், குறைந்தால் முன்னுக்கு. ஈ சேடில்தான் எப்போதும் மிகப் பின்னால் நிற்கும். அது பின்னுக்குப் போக இடமே இல்லாமல் முட்டி நின்றும் சுரம் கூடுதலாகவே இருந்தால், பிரிட்ஜைத் தவறான இடத்தில் துளையிட்டிருக்கிறார்கள். கம்பி பழையதாக இருந்தாலும் இந்தச் சோதனை தப்பாகக் காட்டும், முடிவெடுக்கும் முன் அதையும் நினைவில் வையுங்கள்.

ஃப்ரெட் இடைவெளியை அளந்தே பார்த்துவிடலாம். 34 அங்குல ஸ்கேல் (நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பியின் நீளம்) என்றால் மொத்தம் 863.6 மி.மீ. நட்டின் விளிம்பிலிருந்து முதல் ஃப்ரெட் 48.5, ஐந்தாவது 216.6, ஏழாவது 287.2, பன்னிரண்டாவது 431.8 மி.மீ. வர வேண்டும். 30 அங்குலக் குட்டை ஸ்கேலில் பன்னிரண்டாவது 381 மி.மீ. நான்கு அளவும் ஒரே மாதிரி ஒரு மி.மீ. தள்ளி வந்தால் ஃப்ரெட்டுகள் சரி, நட்டுதான் இடம் மாறியிருக்கிறது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வந்தால் பாஸைக் கீழே வையுங்கள்.

12-இல் சரியாக இருந்தும் முதல் மூன்று ஃப்ரெட்டுகளில் மட்டும் சுரம் கூடுகிறதா? நட் பள்ளம் ஆழமில்லை. 2-க்கும் 3-க்கும் நடுவே அழுத்திவிட்டு முதல் ஃப்ரெட்டின் மேல் உள்ள இடைவெளியைப் பாருங்கள். மெல்லிய தாள் அளவு போதும். மலிவு பாஸ்களில் அடிக்கடி காணும் குறை இதுதான். உரிய அரம் இருந்தால் சிறிய வேலை.

ஃப்ரெட் முனைகள் கையைக் கீறுகின்றன.

வறண்ட காற்றில் மரம் சுருங்கி, சுருங்காத உலோகம் வெளியே நீட்டிக்கொள்கிறது. அராவிவிடலாம். முனை மேலெழும்பி, கம்பி அதன் அடியில் சிக்குகிறதா என்று மட்டும் பாருங்கள்.

எடை, சமநிலை?

உட்கார்ந்து பார்த்தால் தெரியாது. உங்கள் ஸ்ட்ராப்பில் மாட்டி நின்றபடி இரண்டு கையையும் எடுத்துவிடுங்கள். தலைப்பகுதி தரையை நோக்கி இறங்கினால், வாசிக்கும் நேரமெல்லாம் இடக்கை அதைத் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். மேல்கொம்பின் ஸ்ட்ராப் பொத்தான் 12-ஆம் ஃப்ரெட் வரை எட்டும் பாஸ் பொதுவாகச் சாயாது. அகலமான, உட்பக்கம் சொரசொரப்பான ஸ்ட்ராப் ஓரளவு பிடித்து நிறுத்தும். எடை குறைந்த ட்யூனர்கள் இன்னும் நன்றாக உதவும். மொத்த எடை 4 கிலோவை ஒட்டி இருந்தால் சாதாரணம். 4.5-ஐத் தாண்டினால் இரண்டு மணி நேரக் கச்சேரிக்குப் பின் தோள் சொல்லும்.

ஆம்ப்பில் செருகியதும் என்னென்ன கேட்க வேண்டும்?

ஆம்ப்பின் பாஸ், மிட், ட்ரெபிள் எல்லாம் நடுவில். கடைக்காரர் முன்கூட்டியே திருகி வைத்திருக்கும் இனிப்பான ஒலியை நம்பாதீர்கள். எட்டு அங்குல ஸ்பீக்கர் உள்ள சிறிய ஆம்ப் 41 ஹெர்ட்ஸை நேரடியாகக் கொடுப்பது கடினம். அதில் கேட்பது பெரும்பாலும் மேல்சுரங்கள்தான். அடிநாதம் இல்லை என்று பாஸின் மேல் பழி போடும் முன் ஆம்ப்பைப் பாருங்கள்.

இனி இரைச்சல். கையை எடுத்தால் உம்மென்று கேட்கிறது, கம்பியைத் தொட்டால் அடங்குகிறது என்றால் கிரவுண்டு நன்றாக இருக்கிறது, உள்ளே ஷீல்டிங்தான் போதவில்லை. செம்புத் தகடு ஒட்டினால் குறையும். கம்பியைத் தொட்டும் மாற்றமில்லை, ஆனால் ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால் அடங்குகிறது என்றால் பிரிட்ஜுக்குப் போகும் கிரவுண்டு வயர் விட்டுப்போயிருக்கிறது. தொட்டால் இரைச்சல் கூடினால் ஜாக்கில் வயர்கள் மாறிப்போயிருக்கலாம், அல்லது அந்த இடத்தின் மின்இணைப்பில் எர்த் கோளாறு. வேறு பாஸை அதே ஆம்ப்பில் போட்டு உறுதி செய்யுங்கள்.

ஜாஸ் பாணி இரண்டு பிக்கப்பில் ஒன்றை மட்டும் திறந்தால் இரைச்சல் வருவது இயல்பு. இரண்டையும் முழுதாகத் திறந்தால் அடங்க வேண்டும். அப்போது இரைச்சலுக்குப் பதில் அடிநாதமே போய் மூக்கால் பேசுவது போல ஒலித்தால் ஒரு பிக்கப்பின் வயர் தலைகீழாக இணைக்கப்பட்டிருக்கிறது. பத்து நிமிட சால்டர் வேலை. பிரசிஷன் பாணியின் இரட்டைத் துண்டு பிக்கப் தனியாகவே இரைச்சலை அடக்கும்.

கேபிளை ஜாக்கில் லேசாக ஆட்டுங்கள், எல்லாக் குமிழ்களையும் முழுதாகத் திருப்புங்கள். கரகரத்தால் கான்டாக்ட் கிளீனர். வால்யூம் குமிழ் ஒன்பது வரை ஒன்றுமில்லாமல் பத்தில் திடீரென எழுந்தால் பொருத்தமில்லாத பாட் (குமிழின் கீழுள்ள மாறுதடை) போட்டிருக்கிறார்கள்.

மல்டிமீட்டர் எதற்கு?

பேட்டரி இல்லாத பாஸிவ் பாஸில் கேபிளைச் செருகி, வால்யூமை முழுதாக வைத்து, மறுமுனை பிளக்கின் நுனிக்கும் உடலுக்கும் நடுவே ஓம் அளவு பாருங்கள். ஒற்றைக் காயில் ஜாஸ் பிக்கப் ஒன்று 7, 8 கிலோ ஓம், பிரசிஷன் பிக்கப் 10, 11 என்று இருப்பது வழக்கம். குமிழ்களின் தடையும் சேர்வதால் சற்றுக் குறைவாகக் காட்டும். ஜாஸில் மற்ற பிக்கப்பின் வால்யூமை மூடினால் முழு அளவும் பூஜ்ஜியத்துக்கு இறங்கும் வயரிங் உண்டு, அப்படியானால் இரண்டையும் திறந்து சுமார் பாதி அளவு வருகிறதா என்று பாருங்கள். முடிவிலி காட்டினால் எங்கோ அறுந்திருக்கிறது. ஆக்டிவ் பாஸில் இந்த அளவுக்கு அர்த்தமில்லை.

ஆக்டிவ் பாஸில் தனியாகப் பார்க்க வேண்டியது?

பேட்டரிப் பெட்டியைத் திறந்து பச்சை, வெள்ளைப் படிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உள்ளே கசிந்து வயரையும் அரித்திருக்கும். ஒலி உடைந்து கிழிந்து வந்தால் பிரீஆம்ப்பைக் குறை சொல்லும் முன் புது பேட்டரி போடுங்கள். கேபிள் செருகியிருக்கும்வரை மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும், கடையில் தொங்கும் பாஸில் பேட்டரி தீர்ந்திருப்பது அதிசயமில்லை. பாஸிவ் சுவிட்ச் இருப்பது நல்லது. நிகழ்ச்சி நடுவில் பேட்டரி போனாலும் வாசிக்கலாம்.

ஒரு கம்பி மட்டும் சத்தம் குறைவாக இருக்கிறது.

பிக்கப் உயரம்தான் முதல் சந்தேகம். கடைசி ஃப்ரெட்டில் அழுத்தி, கம்பியின் அடிப்பகுதிக்கும் காந்த முனைக்கும் நடுவே ஈ 3 மி.மீ., ஜி 2.5 மி.மீ. வைத்துப் பாருங்கள். சத்தம் வேண்டும் என்று ரொம்ப ஏற்றினால் காந்தம் கம்பியை இழுத்து, சுரம் அலைபாயும், சுருதி சேர்க்கவே முடியாது.

சுருதி நிற்கவில்லை. ட்யூனரை மாற்ற வேண்டுமா?

பத்தில் எட்டு முறை ட்யூனர் காரணமாக இருக்காது என்பது எங்கள் அபிப்பிராயம். கம்பி புதிதாக இருந்து இன்னும் நீண்டு முடியாமல் இருக்கலாம். நட் பள்ளம் இறுக்கமாக இருந்தால், திருப்பும்போது டிக் டிக்கென்று சத்தம் வரும். கம்பி மாட்டும்போது முனையைச் செங்கோணத்தில் மடித்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும். மடிக்காமல் வெட்டினால் உள்கம்பியின் மேல் சுற்று தளர்ந்து ஒலி செத்துவிடும். தண்டில் இரண்டு முதல் நான்கு சுற்று, ஒவ்வொன்றும் கீழே கீழே போக வேண்டும். இவ்வளவும் சரியாக இருந்தும் சாவியைத் திருப்பும்போது கால் சுற்றுக்குக் கம்பி அசையாமல் இருந்தால், அப்போது ட்யூனர்.

ஐந்து கம்பி பாஸ்?

பி கம்பி 30.9 ஹெர்ட்ஸ். பெயர் தெரியாத பிராண்டுகள் அதிகம் சறுக்குவது இதில்தான். பி-யின் 5-ஆம் ஃப்ரெட்டையும் திறந்த ஈ-யையும் மாற்றி மாற்றி வாசியுங்கள். இரண்டும் ஒரே சுரம். பி பக்கம் மட்டும் தொளதொளவென்று, சுரம் எது என்றே புரியாமல் ஒலித்தால், முதலில் கம்பியின் தடிமனைக் கேளுங்கள். 125-க்கு (அதாவது 0.125 அங்குலம்) கீழே இருந்தால் 130 போட்டு மறுபடி பார்க்கலாம். அப்படியும் மாறவில்லை என்றால் அந்த நெக் பி-க்குத் தாங்காது.

மரம் எது என்று பார்க்க வேண்டாமா?

பாடி மரத்துக்கு ரொம்பக் கவலைப்பட வேண்டாம். எடையைத்தான் அது அதிகம் தீர்மானிக்கிறது. பாஸ்வுட், பாப்லர் இரண்டும் பலகாலமாகப் பயன்படுபவை. திருகுத் துளையில் மரம் நொறுங்கி, ஸ்ட்ராப் பொத்தான் கையால் இழுத்தாலே ஆடுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

பிறகு பாகம் மாற்ற முடியுமா?

தெரியாத பிராண்ட் விஷயத்தில் பலர் கேட்க மறக்கும் கேள்வி. நிறுவனம் நாளைக்கே இல்லாமல் போகலாம், அதனால் பொது அளவில் உள்ளதா என்று பாருங்கள். ஃபெண்டர் பாணி நெக்கின் அடி அகலம் சுமார் 63.5 மி.மீ. அதே அளவாக இருந்தால் மாற்று நெக் கிடைக்கும். ஜாஸ் பிக்கப் வாங்கும்போது கவனம்: பிரிட்ஜ் பக்கத்தது நெக் பக்கத்ததைவிட இரண்டு மூன்று மி.மீ. நீளம், ஆனால் சில பிராண்டுகள் இரண்டு இடத்திலும் ஒரே அளவு போட்டிருக்கும். பிரிட்ஜின் திருகுத் துளைகள் ஐந்தும் ஒரே வரிசையில் இருந்தால் மாற்று எளிது. ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனியாகப் பிரித்து வைத்த பிரிட்ஜ், பிராண்டுக்கென்றே வார்த்த வினோத வடிவப் பிக்கப் இரண்டும் பழுதானால் தலைவலி.

நேரில் வாசிக்காமல் இணையத்தில் வாங்கினால்?

வாங்கும் முன் நான்கு படம் கேளுங்கள்: பின்முனையிலிருந்து நெக்கின் நீளவாக்கில், சேடில்களின் நிலை தெரியும்படி பக்கவாட்டில், ட்ரஸ் ராட் முனை, நெக் பாடியில் சேரும் இடம். வந்ததும் பெட்டியிலேயே ஒரு நாள் வைத்து அறையின் வெப்பத்துக்குப் பழகவிடுங்கள், பிறகு சுருதி சேர்த்து, அடுத்த நாள் அளவெடுங்கள். நெக் உட்கார அவ்வளவு நேரம் பிடிக்கும். திருப்பி அனுப்பும் கெடு முடியும்வரை கம்பியை வெட்டாதீர்கள், பிக்கார்டில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளை உரிக்காதீர்கள், சால்டரிங் அயர்னைத் தொடவே தொடாதீர்கள். ட்ரஸ் ராடைத் திருப்பலாமா என்பதை மட்டும் விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சிலர் அதையே காரணம் காட்டி வாங்க மறுப்பார்கள்.